வெள்ளியங்கிரி எடுத்த மங்கலான படம்

திருப்பூர் தாராபுரம் சாலையில் ஸ்டுடியோ வைத்திருந்த வெள்ளியங்கிரியிடம் இருந்தது ஒரே ஒரு லென்ஸ்தான். சாதாரண ஐம்பது எம்.எம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் டெலிகன்வெர்ட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே அதை மாட்டினால் தூரத்து உருவம் இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்துவிடும்.

1972 கார்த்திகையில் பழனியம்மாள் அவரைத் தேடி வந்தார். அவருடைய மகள் அமராவதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடமாகியிருந்தது. மகளின் படங்களையெல்லாம் தகப்பன் தண்டாயுதபாணி அடுப்பில் போட்டுவிட்டார்.

"பனியன் கம்பெனில வேல செய்யறாளுங்க. அஞ்சரைக்கு வெளிய வருவா. தூரத்துல இருந்து ஒரு போட்டோ புடிச்சுக் குடுங்க. நான் போட்டோ கேட்டது அவளுக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு வந்து நிப்பா. அவங்கப்பா வெட்டிப்போடுவாருங்க."

மறுநாள் மாலை இருவரும் கம்பெனிக்கு எதிரே டீக்கடையோரம் நின்றார்கள். வானம் மூடியிருந்தது. "அந்தப் பச்சச் சேலைங்க," என்றார் பழனியம்மாள். ஷட்டரை மெதுவாக வைத்து, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளியங்கிரி மூன்று படம் எடுத்தார். பிலிமைக் கழுவிப் பார்த்தபோது, இரண்டில் மற்ற பெண்கள் மறைத்திருந்தார்கள். மூன்றாவதில் அமராவதி யாரிடமோ சிரித்தபடி திரும்பியிருந்தாள். முகம் மங்கலாக விழுந்திருந்தது.

"வெயில் அடிக்கறப்போ மத்தியானம் சோத்து நேரத்துல மறுக்கா எடுத்துத் தர்றனுங்க," என்று பழனியம்மாளிடம் சொன்னார்.

அடுத்தடுத்து முகூர்த்தங்கள். இன்று நாளை என்று மூன்று வாரம் போய்விட்டது. மார்கழி பிறந்து நாலாம் நாள் அமராவதி மஞ்சள் காமாலையில் இறந்தாள்.

பழனியம்மாள் வந்து அந்த மங்கலான படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் வெள்ளியங்கிரியை அரித்தது. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, சாலையைத் தாண்டிப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தால் முகம் தெளிவாக விழுந்திருக்கும். கூட்டத்தில் அந்தப் பெண் கவனித்திருக்கக்கூட மாட்டாள்.

நாலு வருடம் கழித்து, ஒரு காலையில் தண்டாயுதபாணி ஸ்டுடியோவுக்குள் வந்தார். பழனியம்மாள் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. மனைவியின் பெட்டியில், சேலைக்கு அடியில் கிடைத்த, பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை குத்திய படத்தை மேசைமேல் வைத்தார்.

"இதுல மூஞ்சி தெரியற மாதிரி பண்ணித் தர முடியுங்களா?"

"முடியாதுங்க. எடுக்கறப்பவே அப்படித்தானுங்க விழுந்துது."

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

தண்டாயுதபாணி படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். உடனே போகவில்லை. படமெடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.