விழுப்புரத்துக்குப் போய் மீட்டுவந்த பெட்டி

எலிசா விழுப்புரத்தை அடுத்த காணையில் பிறந்தவள். கரும்பு வெட்டப் போகிற குடும்பம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, 1993இல் திண்டிவனத்தில் பார்வையில்லாத பெண்பிள்ளைகளின் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரெய்ல் கற்றுக்கொண்டாள், கல்யாணம் வேண்டாம் என்றாள், அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைகளின் பாடங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து, தாளில் புள்ளிகளாகக் குத்தித் தரும் பிரெய்ல் பிரிண்டரில் எடுத்துக் கொடுப்பாள். பிரிண்டர் ஓடினால் அரிசி மில் மாதிரி இரையும். ஆனால் பழுதென்று நின்றதில்லை.

2016இல் விழுப்புரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் தென்னரசு, விடுதியின் தலைவி பவுலின் சிஸ்டரிடம் வந்து பேசினார்.

"ஆபரேட்டிங் சிஸ்டத்த புதுசுக்கு மாத்தணும் சிஸ்டர். இந்தப் பெட்டி அதத் தாங்காது. காயலான் கடைக்குத்தான் போவும்."

புதுப் பெட்டியை இறக்கிவிட்டுப் பழையதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலை எலிசா கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது: இந்தக் கருவிக்கு ஆதரவு இல்லை. பிரிண்டர் அசையவில்லை.

பலமுறை போன் செய்தபின் தென்னரசு வந்தார். ஏதோ தட்டினார். எச்சரிக்கை மறைந்தது. "சரியாயிடுச்சு மேடம்" என்று கிளம்பிவிட்டார். எலிசா ஒரு பக்கம் அச்சுக்குக் கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. பிரிண்டரை அவர் தொடவேயில்லை. எச்சரிக்கை திரையில் வராதபடி நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். குப்பையைப் பாய்க்கடியில் தள்ளிவிட்டுப் போனதுபோல் இருந்தது அவளுக்கு.

போனில் கேட்டபோது, "அந்த பிரிண்டர தூக்கிப் போடுங்க மேடம். கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான்" என்றார்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் மலர்விழிக்கு விடுதிப் பணியாளர்கள் வரலாற்றுப் பாடத்தை வாசித்துக் காட்டினார்கள்.

"காதுல கேக்கறது நிக்கலக்கா. வெரலால படிச்சாதான் நிக்குது" என்றாள் அவள்.

அதற்குமேல் எலிசாவுக்குப் பொறுக்கவில்லை. பழைய பெட்டி இருந்தால் வாங்கி வந்துவிடலாம் என்று விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

கடையில் தென்னரசு நின்றிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்ததும் எலிசா குனிந்து அதன் பொத்தானுக்குப் பக்கத்தில் தடவினாள். பிள்ளைகளுக்காக அவளே ஒட்டிய பிரெய்ல் புள்ளிகள் விரலில் தட்டுப்பட்டன. திரையில் ஒரு மூலையில் பில் கணக்கு. மறுமூலையில் பிள்ளைகளின் பாடங்கள் போட்டவை போட்டபடி கிடந்தன. அழிக்கக்கூட அவர் சிரமப்படவில்லை.

"காயலான் கடைக்குப் போவும்னு சொன்னீங்களே சார்."

தென்னரசு சிரித்தார். "சும்மா டெஸ்டிங்குக்குப் போட்டுக்கினு இருக்கோம் மேடம். ஒக்காருங்க, ஜூஸ் சொல்லட்டுமா?"

எலிசா அந்தச் சிரிப்பையே பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அழுகிய எதையோ மிதித்துவிட்டதுபோல் கால் கூசியது.

"கண்ணு தெரியாத பசங்களுக்கு ஆவாதது உங்க கல்லாவுக்கு ஆவுது" என்றாள். "பில்ல நிறுத்துங்க. நான் எடுத்துக்கினு போறேன்."

"புதுசு இருக்குதே மேடம், இது எதுக்கு உங்களுக்கு? பேஜாரு பண்ணாதீங்க, கஸ்டமர் நிக்கறாங்க."

"நிக்கட்டும்."

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவளே வயர்களைப் பிடுங்கினாள். தென்னரசு வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், தடுக்கவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலமே பழைய பெட்டியில் பிரிண்டரை மாட்டினாள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அரிசி மில் இரைந்தது. சத்தம் கேட்டு மலர்விழி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, தாள் முழுசாக வெளியே வருமுன்பே விரலை வைத்தாள்.

சிஸ்டம் தானாகப் புதுசுக்கு மாறிவிடாதபடி பெட்டிக்கு இன்டர்நெட் கொடுக்கக் கூடாது, புதுசுக்கு மாற்றுகிறேன் என்று எவர் வந்தாலும் தொடவிடக் கூடாது என்று எலிசா சொல்லிவிட்டாள். புதுக் கம்ப்யூட்டர் சிஸ்டரின் மெயில் பார்க்க மட்டும் ஆனது.

"அவர மன்னிச்சிடு எலிசா" என்றார் பவுலின் சிஸ்டர்.

"பாவத்த மன்னிக்கலாம் சிஸ்டர். மாட்டிக்கினு நிக்கறப்பவும் ஜூஸ் குடிக்கிறீங்களான்னு கேக்கறான் பாருங்க, அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."