சூனியக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் அழுகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. திரையில் ஒரு தாய் பிணத்தின் மேல் விழுந்து புரள வேண்டுமா, மாமியார் மூக்கைச் சிந்த வேண்டுமா, அரசி ஒருத்தி மாடத்தில் நின்று கண்ணீரை அடக்க வேண்டுமா, கூப்பிடு அழுகை அக்காவை. அவள் வாயைத் திறந்தால் கேட்கிறவன் கைக்குட்டையைத் தேட வேண்டும். அவள் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு வராது. "கண்ணுல தண்ணி வந்தா மூக்கு அடைச்சுக்கும். மூக்கு அடைச்சா மைக்ல எடுபடாது" என்பாள்.

வேலை நாளன்று சரசரக்காத பழைய பருத்தி உடைதான் உடுத்துவாள். கூடத்து வாசலிலேயே வளையலையும் கம்மலையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பசியோடு வரமாட்டாள், வயிறு முட்டச் சாப்பிட்டும் வரமாட்டாள். வயிறு முணுமுணுத்தால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அரசி சாகும் காட்சியில், புதிதாக வந்த ஒருத்தியின் வயிறு கடமுடா என்று பேசிவிட, அரசி பட்டினி கிடந்துதான் செத்தாள் என்று கூடமே சிரித்தது. அழுகை அக்காவுக்கு அந்த மாதிரி அவமானம் ஒருநாளும் நேர்ந்ததில்லை. குரலை அவள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். பெற்ற குழந்தையையும் அப்படிப் பார்த்துக்கொண்டாளா என்று கேட்டால்தான் வம்பு.

மகளும் இதே தொழில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு கூடத்துக்கு வந்து மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், ஒருநாள் கார்ட்டூனில் வந்த கிளிக்குப் பேச ஆளில்லாமல் போக, மைக் முன்னால் நிறுத்தப்பட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் கிளி. வளர்ந்து, கல்லூரி முடித்து, சின்னச் சின்ன வேடங்களுக்குப் பேசி, கடைசியில் ஒரு பெரிய படத்தின் கதாநாயகிக்கே பேச வாய்ப்பு வந்தது. வீடே திருவிழாவாகத்தான் இருந்தது. முழுப் படமும் பேசி முடித்துவிட்டு வந்து, அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர் அழுகை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கிளியின் குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறதாம், கதாநாயகியின் முகத்தில் ஒட்டவில்லையாம். "நீங்க குரலை மேல தூக்கினா இன்னும் பதினெட்டு வயசுதான். நீங்களே பேசிடுங்க. இல்லன்னா வேற யாரையாவது பார்த்துக்கறோம்." அவள் யோசித்தாள். எவளோ ஒருத்தி பேசுவதற்கு, வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாளா, கதாநாயகி என்றதும் பழைய ஆசை எட்டிப் பார்த்ததா, அது அவளுக்கே தெரியாது. சத்தமில்லாமல் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மகளிடம் நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். நேரம் பார்ப்பதற்குள் படம் வந்துவிட்டது.

கிளி தன் தோழிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்குப் போனாள். இருட்டில் கதாநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். அது அம்மாவின் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அவள் கத்தவில்லை. "ஏம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஊர் உலகத்துத் தாய்மார்களுக்கெல்லாம் அழுது கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் கிடைத்தது ஒரே ஒரு வசனம். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்." கிளி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள்தான். அம்மாவின் எண்ணைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே கூடம். இருவரையும் ஒரே நாளில் கூப்பிடாமல் இருப்பது கூடத்துக்காரர்களுக்குப் பழகிப்போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் ஒலிப்பதிவாளரிடமிருந்து போன் வந்தது. பக்கத்து அறையில் கொசு பறந்தாலும் பதிவை நிறுத்திவிடுகிற மனிதர் அவர். அதனால் அவருக்குக் காது என்று பெயர்.

"அக்கா, ஒரு வீடியோ கேம். மந்திரம், மாயம், டிராகன்னு போகுது. நம்ம மொழியில கொண்டு வர்றாங்க. அதுல மூத்த சூனியக்காரி வேஷம். உங்களை விட்டா யாரு இருக்கா?"

"ஏம்பா, என் குரலைக் கேட்டுச் சொல்றியா, மூஞ்சியப் பார்த்துச் சொல்றியா?"

"ரெண்டுந்தான், வாங்க."

சினிமாவென்றால் கண் முன்னால் படம் ஓடும். உதட்டைப் பார்த்துப் பேசலாம். விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. நாலு சுவருக்குள் தனியாக நின்றுகொண்டு, துண்டு துண்டாகக் கத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதும், அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு கேம் கம்பெனி ஆளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்ன அடி" என்றார் காது. அவள் முனகினாள்.

"பெரிய அடி." அலறினாள்.

"மலையிலேர்ந்து விழறீங்க. கொஞ்ச நேரம் விழணும்க்கா, பெரிய மலை."

விழுந்து எழுந்து, மூச்சு வாங்கி, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்டாள். "காலையிலேர்ந்து என்னை இந்தப் போடு போடறது யாருப்பா?"

"உங்க பொண்ணுதான்" என்றார் காது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "கதையில" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

கதை இதுதான். காட்டுக்குள் ஒரு சூனியக்காரி, அவளுக்கு ஒரு மகள். மகளின் உள்ளங்கையில் பிறவியிலேயே நெருப்பு உண்டு. அது மகளையே எரித்துவிடும் என்று பயந்த தாய், அவள் தூங்கும்போது நெருப்பை எடுத்து ஒரு ஜாடிக்குள் அடைத்துவிடுகிறாள். விழித்தெழுந்த மகள் வெறுங்கையோடு வீட்டை விட்டுப் போகிறாள். வருஷங்கள் கழித்து அவள் திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது விளையாட்டு தொடங்குகிறது.

"மகள் பேசினது முன்னாடியே எடுத்தாச்சு. ஹெட்போன்ல வரும். அதுக்கு நீங்க பதில் சொல்லணும்" என்றார் காது. அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என் நெருப்பு எங்கம்மா?" என்றது ஹெட்போன்.

கிளி. காதோடு காதாக, மூச்சு படுகிற தூரத்தில் கிளி. அவள் பதில் சொல்ல வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

"சொன்னா வரமாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றார் காது. "திட்டணும்னா அப்புறம் திட்டுங்கக்கா."

அவள் திட்டவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றாள்.

அந்த விளையாட்டில் முடிவு மூன்று. விளையாடுகிறவன் எந்தப் பொத்தானை அமுக்குகிறானோ அது. மகள் தாயை எரித்துவிடலாம், ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம், மன்னிக்கலாம். மூன்றுக்கும் பேசி வைத்தாக வேண்டும். எரிக்கும் முடிவுக்கு நன்றாகவே செத்துக் கொடுத்தாள். மன்னிக்கும் முடிவு வந்தபோது ஹெட்போனில் கிளி சொன்னாள்: "பரவால்லம்மா. வா, வீட்டுக்குப் போகலாம்."

"சரியா கேக்கல" என்றாள் அழுகை அக்கா. காது மறுபடியும் போட்டார். "ஆரம்பம் எங்கன்னு பிடிபடல" என்றாள். மறுபடியும் போட்டார். முப்பது வருஷத்தில் அவளுக்கு ஆரம்பம் பிடிபடாமல் போனதே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன. கம்பெனி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

"எந்த முடிவைப்பா நிறைய பேர் அமுக்குவாங்க?" என்று கேட்டாள்.

"எரிக்கறதைத்தான். அதுலதான் பாயிண்ட் அதிகம்."

கடைசி வசனத்தில்தான் முட்டிக்கொண்டது. மகள் கேட்கிறாள், ஏன் அப்படிச் செய்தாய் என்று. தாளில் சூனியக்காரியின் பதில்: "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்." அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். எழுதினவன் எங்கோ கண்காணாத தேசத்தில் இருக்கிறான். அவனுக்கு யார் போய்ச் சொல்லிக் கொடுத்தது?

"இதை மாத்தக் கூடாதா? 'தப்பு பண்ணிட்டேன்'னு வச்சுக்கலாமே" என்றாள்.

"முடியாது மேடம்" என்றான் கம்பெனி ஆள். "மேல ஒத்துக்கிட்டு வந்த வசனம். அதுவும் போக, அந்தச் சூனியக்காரி மன்னிப்பு கேக்கற ஆள் இல்ல."

அவள் மெதுவாக, சுருதி இறக்கிச் சொல்லிப் பார்த்தாள். திமிர் போதவில்லை என்றான். மறுபடியும் சொன்னாள். இன்னும் வேண்டும் என்றான். கடைசியில் அன்று வீட்டுக் கூடத்தில் நின்று மகளிடம் சொன்னாளே, அதே போலச் சொன்னாள். கம்பெனி ஆள் கைதட்டிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போனான்.

"அடுத்த வாரம் கிளி வருவா. உங்க குரலைக் காதுல வச்சுக்கிட்டு, அவ வசனத்தையெல்லாம் சரி பண்ணிக் கொடுக்கணும்" என்றார் காது.

இந்த வசனத்தையா அவள் கேட்கப் போகிறாள்? மறுபடியும் இதையேவா? அழுகை அக்கா சிவப்பு விளக்கைப் பார்த்தாள். இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மைக்குக்குக் கிட்டப் போனாள்.

"கிளி. அம்மா பேசறேன்டி. தப்பு பண்ணிட்டேன். உன் வாயிலேர்ந்து பிடுங்கி நான் பேசிட்டேன். நல்லதுக்கெல்லாம் இல்ல. தப்புதான்."

கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. மைக்கில் எடுபட்டதோ இல்லையோ, காது நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார்.

"கடைசியில பேசின அந்த வாலை வெட்டிடாதப்பா" என்றாள்.

"வெட்டல. அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி வச்சுடறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு நிலைகொள்ளவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். மகள் இருந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, தலையணைக்கு உறை மாற்றினாள். யாரும் வருவதாகச் சொல்லவில்லை, சும்மாதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன் வந்தது. கம்பெனி ஆள்.

"ஒரு சிக்கல் மேடம். உங்க குரலும் மகளுக்குப் பேசினவங்க குரலும் ஒண்ணு போலவே இருக்கு. சண்டையில அடி வாங்கறது யாருன்னே தெரியல. ஒண்ணை மாத்தச் சொல்லிட்டாங்க."

ஒன்று போல இருக்காதா பின்னே, அது எங்கிருந்து வந்த குரல் என்று கேட்கலாம்தான். அவள் கேட்கவில்லை.

"நீங்க சின்னப் பொண்ணு குரலும் பிரமாதமா பண்ணுவீங்களாமே. மகளை நீங்க பண்ணிடுங்க. அம்மாவுக்கு வேற ஆள் பார்த்துக்கறோம். அந்தப் பொண்ணுகிட்ட நாங்க பேசிக்கறோம்."

ஒரு மனுஷிக்கு ஒரே கேள்வி இரண்டு தடவை வருமா? வந்தது. இந்த முறை அவள் நேரம் பார்க்கவில்லை.

"என்னுதை எடுத்துடுங்க" என்றாள். "அந்தப் பொண்ணு இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சாச்சு. எடுத்துடுங்க."

போனை வைத்த பிறகுதான் அந்த வால் நினைவுக்கு வந்தது. பதறியடித்துக்கொண்டு காதைக் கூப்பிட்டாள். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "எல்லாத்தையும் அவங்க பக்கம் வாங்கி அழிச்சுட்டாங்கக்கா. எங்கிட்ட ஒண்ணும் விட்டு வைக்கல. நான் கிளிகிட்ட வாயால சொல்லிடவா? நீங்க விட்டுக்கொடுத்தது, பேசினது, எல்லாத்தையும்?"

சொன்னால் எப்படிச் சொல்வது? உன் குரலைத்தான் மறுபடியும் தூக்கப் பார்த்தார்கள் என்றா? அம்மா உனக்காக விட்டுக்கொடுத்தாள் என்றா? எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போய் முடிகிற இடம் ஒன்றுதான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

"வேண்டாம்பா" என்றாள். "மூச்சு விடாத."

கிளி வந்து பேசிவிட்டுப் போன அன்று சாயங்காலம் காது அவராகவே கூப்பிட்டார். சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். பிறகு இருமினார்.

"என்ன சொன்னா?"

"விடுங்கக்கா."

"சொல்லுப்பா."

"முதல்ல நீங்கதான் பண்ணீங்கன்னு அவளுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. 'எதிர்ல என் குரல்னு தெரிஞ்சதும் விலகிட்டாங்களா'ன்னு கேட்டா. 'ஒரு கேம்ல கூட என்கூட நிக்கப் பிடிக்கலயா அவங்களுக்கு'ன்னா. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீங்க சொன்னீங்களேன்னு முழுங்கிட்டேன்."

நூறு விதமாக அழத் தெரிந்தவளுக்கு அன்று ஒரு விதமும் கைகொடுக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அந்த வசனம் சொன்னாளா? வீட்டுக்குப் போகலாம்ங்கறது?"

"சொன்னா. உங்க இடத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு. ஒரே டேக்."

"நல்லா வந்துச்சா?" வேலை முடிந்ததும் அவள் எப்போதும் கேட்கிற கேள்வி அது.

"ரொம்ப நல்லா வந்துச்சுக்கா."