மூங்கில் வளைவில் நின்றவர்

லக்கல வீதியோரக் காட்டுக்குள் போகும் நடைபாதையைக் கூட்டித் துப்புரவாக வைப்பது மரிய கொறற்றியின் வேலை. அதே பாதையில் வழிகாட்டியாக இருந்த அவள் புருஷன் லோரன்ஸ், போன வருஷம் மூடுபனியில் வழிதவறிய ஒருவரைத் தேடி மஞ்சள் ரெயின்கோட்டோடு போனவர்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. கொழும்பிலிருந்து வந்திருந்த இளஞ்சோடி ஒன்று நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது.

"அக்கா, மூங்கில் வளைவில நின்ன உங்க ஆள் சத்தம் போடாட்டி நாங்க பள்ளத்தில விழுந்திருப்போம்," என்றாள் அந்தப் பெண், காலில் ஒட்டியிருந்த அட்டையைத் தட்டிவிட்டபடி.

மேலே அன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை. கொறற்றி கூட்டுவதை நிறுத்தினாள்.

"ஆள் எப்படி இருந்தாரு?"

"மஞ்சள் ரெயின்கோட் போட்டிருந்தாரு. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடந்தாரு."

அவள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வளைவுக்கு ஏறினாள். அங்கே யாருமில்லை. ஈர மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"வாறவங்க போறவங்களுக்கெல்லாம் வழி சொல்றீங்க," என்றாள், வெள்ளையாய் மூடிக்கிடந்த பள்ளத்தைப் பார்த்து. "நம்ம வீட்டுக்கு வர்ற வழி மட்டும் மறந்துபோச்சா?"

வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினாள்.

அன்றிரவு வாசல் கதவுக்குத் தாழ் போடாமலே படுத்தாள்.