பூவாயி சொன்ன ஆறு எழுத்து

பூவாயிக்கு ஆங்கிலத்தில் மொத்தம் ஆறு எழுத்து தெரியும். எஸ், டி, ஈ, எல், எல், ஏ. எல் இரண்டு முறை வருவதால் ஐந்து என்றும் சொல்லலாம். கற்றுக்கொடுத்தது நான்தான். கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை.

ஏற்காட்டில் ஏரிக்கு மேற்புறம் முப்பத்திரண்டு அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் பதினாறு வருஷம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். என் பெயர் கிறிஸ்துதாஸ். பூவாயி எனக்கு முன்பே, எழுபத்தாறில், அங்கே சேர்ந்தவர். சொந்த ஊர் மாரமங்கலம். அதற்கு முன் ஆறு மாதம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்திருக்கிறார். மேஸ்திரி சத்தம் போட்டுப் பேசுவது பிடிக்காமல், பறித்த கூடையை அப்படியே வைத்துவிட்டு ஏற்காட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். ஹோட்டலில் அறை கூட்டும் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் ஊருக்குப் போவார்.

அவருக்கு மறதி என்பது கிடையாது. மூன்று வருஷம் கழித்து வரும் விருந்தாளிகளைக்கூடப் படியேறும்போதே அடையாளம் கண்டு என் காதில் சொல்லிவிடுவார். "அந்தம்மாவுக்கு ரெண்டு தலகாணி வேணுங்க சார். அவிக ஊட்டுக்காரருக்குப் பூண்டு ஆகாதுங்க." நான் அதை நானே நினைவில் வைத்திருந்தது போல அவர்களிடம் சொல்வேன். அவர்கள் மகிழ்ந்து போவார்கள். ஹோட்டல் இப்படித்தான் நடந்தது.

தொண்ணூற்று நான்கில் முதலாளி மனுவேல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கென்று தனி அறை. விற்ற கம்பெனிக்காரர்கள் குளிர்சாதனம் கட்டாயம் என்று சொன்னதால், ஏற்காட்டில், டிசம்பர் மாதத்தில், ஒரு ஏசி பொருத்தினோம். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். பூவாயி பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு மாதம் சொல்லச் சொல்ல, விருந்தாளிகளின் பெயர், விலாசம், வந்த தேதி, யாரோடு வந்தார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். ஆயிரத்து நானூறு குடும்பம். பதினெட்டு வருஷம் அவர் தலைக்குள் இருந்தது அந்தப் பெட்டிக்குள் போனது.

அறையைத் துடைக்கும் வேலை அவருக்கு. அதற்கு ஒரு பயிற்சி நடந்தது. மேனேஜர் ஆறுமுகம் நடத்தினார். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஈரத்துணி ஆகாது. வேலை முடிந்ததும் உறை போட்டு மூட வேண்டும். ஏசியை அணைக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கும் அதே பயிற்சிதான்.

பாஸ்வேர்டாக என் மகள் ஸ்டெல்லாவின் பெயரை வைத்தேன். தட்டச்சு தெரியாததால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, வாய்விட்டுச் சொல்லி, அழுத்துவேன். எஸ்... டி... ஈ... சில வாரங்களில் ஹோட்டலில் பதினோரு பேருக்கு அது தெரிந்திருந்தது. தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடும்போது அதை ஒரு மெட்டில் முணுமுணுப்பார். யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

தொண்ணூற்று ஐந்து ஜூன், ஒரு புதன்கிழமை. நான் மச்சினன் நிச்சயதார்த்தத்துக்கு சேலம் போயிருந்தேன். ஆறுமுகம் ஊருக்குள் ஒண்டிக்கடைப் பக்கம் போயிருந்தார். காலை பதினோரு மணிக்கு டை கட்டிய ஒருவர் தோல்பையோடு வந்து நின்றார்.

"கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து வர்றேன். மெஷினுக்கு வைரஸ் வந்திருக்குன்னு தகவல். பார்த்துட்டுப் போகணும்."

பூவாயிக்கு வைரஸ் என்றால் காய்ச்சல். காய்ச்சல் பார்க்க ஆள் வருவது நியாயம்தான். அந்த ஆள் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்தார். இவருக்கு முறை தெரிந்திருக்கிறது என்று பூவாயி நினைத்தார். சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

"பாஸ்வேர்டு என்னங்கக்கா?"

"தாசு சாரு லீவுங்களே."

"அவரு தினம் என்ன அடிப்பாரு, கேட்டிருப்பீங்கல்ல?"

கேட்டிருந்தார். நான் எப்படி இழுத்து இழுத்துச் சொல்வேனோ அப்படியே சொன்னார். அவர் நாற்பது நிமிஷம் வேலை செய்தார். பையிலிருந்து பிளாப்பி என்ற சதுரத் தட்டு ஒன்றை எடுப்பதும் செருகுவதுமாக இருந்தார். பூவாயி டீ கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாப் பாத்துக்கறீங்கக்கா, ஒரு தூசி இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் திரும்பி வந்ததும் வைரஸ் சரியாகிவிட்டது என்று பூவாயி சொன்னார். ஆறுமுகம் வரச்சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் வரச்சொன்னதாக ஆறுமுகம் நினைத்தார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் போன் வர ஆரம்பித்தது. மலைப்பாதையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டல் எங்கள் விருந்தாளிகளுக்கெல்லாம் கடிதம் போட்டிருந்தது. உங்களுக்கு இரண்டு தலையணை தயாராக இருக்கும், உங்கள் சமையலில் பூண்டு சேராது என்று எழுதியிருந்தது. சிலர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். பலர் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் ஈரோட்டிலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்தார். தனலட்சுமி என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பஸ்ஸில் வந்திருந்தார். கடிதத்தை மேசைமேல் வைத்துத் தடவி நிமிர்த்தினார்.

"ஏனுங்க, மே மாசம் பன்னெண்டாந்தேதி நானும் எங்கூட்டுக்காரரும் உங்க ஓட்டல்ல தங்குனோம்னு இதுல எழுதியிருக்குதுங்க. நான் சக்கரை இல்லாம காப்பி குடிச்சேனாமுங்க."

"ஆமாங்கம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மே மாசம் பூரா நான் எங்கம்மா ஊட்டுல இருந்தேனுங்க. எனக்குக் காப்பியே ஆகாதுங்க."

நான் பதிவேட்டைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். மாடிப்படிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த பூவாயியை அவர் பார்த்தார். "நீங்க பாத்தீங்களாங்க, அந்தம்மாவ?"

பூவாயி துணியை மடித்தார். "நெனப்பில்லீங்க" என்றார்.

அதுவரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பரவால்லீங்க. எங்கூட்டுச் சமாச்சாரத்தை நான் பாத்துக்கறேன். உங்ககிட்ட எழுதிக் கொடுத்தது இன்னொருத்தர் கைக்கு எப்படிப் போச்சுன்னு மட்டும் விசாரிச்சு வைங்க. நாளைக்கு வேற யாராச்சும் வருவாங்க." அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று மாலைதான் நானும் ஆறுமுகமும் ஜூன் மாதத்தைப் பற்றி முதல் முறையாகப் பேசினோம். கம்பெனிக்கு போன் செய்தோம். அவர்கள் ஆள் அனுப்பவே இல்லை.

முதலாளி மறுநாள் வந்தார். ஆறுமுகம், பூவாயியை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று சொன்னார். பூவாயி எதிரே நின்றுகொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஏம்மா சொன்னே?" என்று முதலாளி கேட்டார்.

"கேட்டாருங்க, சொன்னேன். செருப்பைக் கழட்டச் சொன்னீங்க, கழட்டிட்டுத்தான் வந்தாரு. ஈரத்துணி போடலீங்க. ஏசி ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க. உறையும் போட்டுட்டேன். வேற என்ன பாக்கோணும்னு எனக்கு யாரும் சொல்லலீங்க." பிறகு, "அத்தனையும் எம் வாயில இருந்து வந்ததுங்க. அவிக நம்பிச் சொன்னது. எனக்கு நொம்பக் கேவலமா இருக்குதுங்க" என்றார்.

ஆறுமுகம், "கூட்டுற ஆளுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னத்தைச் சொல்றதுங்க?" என்றார்.

"சாவி அவ கையில இருந்தது. துணியைப் பத்தி மட்டும் சொல்லிக்கொடுத்தோம்" என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பி, அந்த வார்த்தை என்ன என்று கேட்டார். சொன்னேன். "உன் பொண்ணு பேரா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காலை, டிபன் முடிந்ததும், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். சமையல்காரர், டிரைவர், துணி வெளுப்பவர், தோட்டக்காரர், எல்லோரும். தோட்டக்காரர் தனக்கு எதற்கு என்று கேட்டார். முதலாளி அவரை அந்த மெட்டை முணுமுணுக்கச் சொன்னார். முணுமுணுத்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் பூவாயியைத்தான் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, அந்த ஆள் வந்ததிலிருந்து ஈரோட்டு அம்மாள் பஸ் ஏறியது வரை, ஒன்றையும் விடாமல், யாரையும் குறை சொல்லாமல், சொன்னார். நான் வாய்விட்டுச் சொன்னதை அவர் சொல்லவே இல்லை. நானே எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு முதலாளி பேசியது கால் மணி நேரம்தான். பாஸ்வேர்டு வேலை செய்பவருக்கு மட்டும். மாதம் ஒருமுறை மாறும். பிள்ளைகள் பெயர் கூடாது. யார் வந்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அனுப்பியவர்களை போனில் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும். வந்தவர் காட்டும் அட்டையில் உள்ள நம்பருக்கு அல்ல, நம் டைரியில் உள்ள நம்பருக்கு. தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொன்னால் வேலை போகாது. மறைத்தால் போகும்.

அந்த ஆள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தோம், பிளாப்பி என்றால் என்ன என்று விளக்குவதிலேயே பாதி நாள் போயிற்று. ஏறக்குறைய அறுபது குடும்பங்கள் திரும்பி வரவேயில்லை. ஈரோட்டு அம்மாளுக்கு முதலாளி மன்னிப்புக் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை அந்த வகுப்பு நடந்தது. புதிதாகச் சேரும் எவரும் பூவாயி சொல்வதைக் கேட்காமல் சாவிக்கொத்தைத் தொட முடியாது. ஆறு எழுத்தையும் சொல்லிக் காட்டுவார். அப்போது அது எதையும் திறக்காது.

தொண்ணூற்றெட்டு ஜூலையில் நிஜமாகவே கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். போன் லைன் கிடைக்கவில்லை. பூவாயி அவரை வராந்தாவில் உட்கார வைத்து, டீ கொடுத்து, கம்பளியும் கொடுத்தார். கதவைத் திறக்கவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அட்டையைக் காட்டினார், அதட்டினார், கடைசியில் கெஞ்சினார். "லைன் வரட்டுங்க" என்று மட்டும் பூவாயி சொன்னார்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. முதலாளி படித்துவிட்டு அதைப் பணியாளர் அறைச் சுவரில் ஒட்டச் சொன்னார். பூவாயி என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். எங்கள் பொறியாளரைத் தங்கள் ஊழியர் ஒருவர் இரண்டு மணி நேரம் குளிரில் காக்க வைத்தது மிகவும் வருந்தத்தக்கது.

பூவாயி கடிதத்தின் பிரிந்திருந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினார்.

"ரெண்டு மணி நேரம் இல்லீங்க சார், ஒன்னேகாலு. எழுதறதைச் சரியா எழுதச் சொல்லுங்க."