தடித்த எழுத்தில் பெரியப்பா

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, வடகவுஞ்சிக்கு மேலே ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்து அப்பா இறந்துபோனார். காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும் என்றார் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கும் யோசனை அவருக்கு இருந்தது. எழுத்துப் பிழை பார்க்க என்னையும் வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார்.

கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அக்கா, அப்பாவின் பெயரைப் பல எழுத்துருக்களில் மாற்றி மாற்றிக் காட்டினார். அதே பெயர் ஒன்றில் கல்யாணப் பத்திரிகை போல இருந்தது, இன்னொன்றில் பாடப்புத்தகம் போல, வேறொன்றில் சினிமா போஸ்டர் போல. அந்த வேடிக்கையில் கொஞ்ச நேரம் துக்கம்கூட மறந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்தைப் போலவே மெலிதாகச் சாய்ந்திருந்த ஒன்றைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன்.

"மெலிசு எழுத்து ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் அக்கா.

"புள்ள ஆசப்படுது, இருக்கட்டும்மா."

தன் பெயருக்குப் பெரியப்பா கேட்டது வேறு. நல்ல தடித்த எழுத்து, சிவப்பில், சுற்றிலும் வெள்ளைக் கரை. பக்கத்திலேயே, அப்பாவின் படத்தைவிடப் பெரிதாக, அவர் கைகூப்பி நிற்கும் படம்.

"வீட்டுக்காரம்மா பேரு, பாப்பா பேரு போடலீங்களா?"

"எடம் இல்லையேம்மா."

"எழுத்தச் சின்னதாக்கினா எடம் வந்துரும்ங்க."

"என் தம்பி பொண்டாட்டி புள்ள பேரப் போயி சின்னதாப் போடச் சொல்றியே, மரியாதையாவா இருக்கும்?"

எங்கள் மேல் இத்தனை மரியாதையா என்று பூரித்துப்போனேன். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காரியத்தன்று காலையில் நல்ல மூடுபனி. வேறு சோலியாக வந்த காய்கறி வியாபாரி ஒருவர், பஸ்ஸை விட்டு இறங்கி பேனரைப் பார்த்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலிலேயே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"மூத்தவரு இப்படித் திடீர்னு போயிட்டாரே. தம்பிக்காரரு எங்கங்க, ஜீப்பு ஓட்டுவாரே?"

பெரியப்பா அவருக்குப் பின்னால்தான் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் சிரித்தாள். வாய்விட்டு, அடக்க முடியாமல், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

குடும்பத்துக்குப் பொதுவான பூண்டுக் காட்டில் அம்மாவுக்குரிய பங்கைக் கேட்டுத் தாய்மாமன் பின்னொரு நாள் பேச வந்தார். பெரியப்பா கணக்கு வழக்கு எதற்கும் போகவில்லை. "புருசன் காரியத்துல சிரிச்சவளுக்கா?" என்று மட்டும் கேட்டார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நாங்கள் மாமாவோடு மலையிறங்கினோம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா சிரிக்கிறாள் என்பதுதான். அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி நானும் சிரித்தேன்.