கப்பலின் பின்பக்கப் பல்கனி

செல்வமலருக்கு ஐம்பது வயதாகப் போகிறது என்றதும், அவளைக் கேட்காமலே சொந்தக்காரர்கள் மண்டபம் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஒஸ்லோத் தமிழருக்கு மண்டபம் எடுக்க ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும். கேக் எத்தனை தட்டு, சேலை என்ன நிறம், வீடியோவுக்கு யார் என்று தொலைபேசிகள் சூடாகிக்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம் அவள் மகள் சாருகாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு மண்டபம் வேண்டாம் பிள்ளை. கப்பலிலை போகோணும். பல்கனி உள்ள அறையிலை. பெரிய பல்கனி.”

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் சாருகா, மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

ஆசை போன கோடையில் பிடித்தது. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோசில் ஒரு பாலர் பள்ளியில் செல்வமலருக்கு வேலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துறைமுகம் பார்க்கப் போன அன்று, அங்கே ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. பக்கத்து ஸ்டோவ்னர் பகுதியின் மாடிக் கட்டடங்களை அடுக்கித் தண்ணீரில் விட்டதுபோல அவ்வளவு பெரிது. அதன் மேல்தட்டுப் பல்கனி ஒன்றில் ஒரு கிழவனும் கிழவியும் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். கையில் கோப்பை. கதைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தார்கள். செல்வமலர் பிள்ளைகளை எண்ண மறந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

அவள் வீட்டிலும் பல்கனி இருக்கிறதுதான். அதில் ஒரு பெரிய ஃபிரீசர், மாரிகால டயர்கள் நான்கு, வெங்காய மூட்டை, சாருகாவும் தம்பி அபிசனும் என்றோ கைவிட்ட சறுக்கு வண்டிகள், மீன் பொரிக்கிற அடுப்பு. மிச்ச இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம், அதுவும் மீன் பொரிக்கிற ஆளாக இருந்தால்.

உண்மையில் அவளுக்குக் குறை பல்கனியில் இல்லை. அவளுடைய மனிசன் இரத்தினவேலுக்கு, சாருகா பிறப்பதற்கு முன்பிருந்தே பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் காலையில் வீட்டுக்குள் வர, அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போவாள். “சோறு கிடக்கு, கறியைச் சூடாக்குங்கோ.” “அபிசனுக்குப் பல்லு டொக்டர், மறந்துபோகாதையும்.” குடும்பம் முழுவதையும் இந்த இரண்டு பேரும் கதவடியில் நின்றே நடத்தி முடித்துவிட்டார்கள். வேலையில்லாத இரவுகளிலும் அவருக்குக் கண் மூடாது. விடியும்வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். கோடை விடுமுறை என்றால் லண்டனில் மச்சாள் வீடு, பாரிசில் அண்ணர் வீடு. அங்கே பெண்கள் அறைக்குள், ஆண்கள் ஹோலில் பாய்விரித்து. இப்படியே போய்விட்டது. அந்தக் கிழவனும் கிழவியும்போல, ஒரு வேலையும் இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செல்வமலர் கேட்டது அவ்வளவுதான்.

செய்தி பரவியதும் சிநேகிதி மரியரஞ்சனி தொலைபேசி எடுத்தாள்.

“கப்பலிலை போய் எங்கை இறங்கிறியள்?”

“இறங்கிறேல்லை. மலையளைச் சுத்திப் பாத்திட்டுத் திரும்பி வாறது.”

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப ஏன் போறியள்?”

பயணம் என்றால் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே பழகிய சனம்.

பிறகு அறை தேர்ந்தெடுக்கிற படலம். சாருகா கப்பலின் படத்தைத் திரையில் தட்டுத் தட்டாக விரித்துக் காட்டினாள். லுகார் என்றுதான் அவள் சொல்வாள். கப்பல் அறைக்கு நோர்வேக்காரரின் சொல். நடுவிலுள்ள லுகார் ஆடாது, ஆனால் பல்கனி ஒடுக்கம். சில தட்டுகளில் உயிர்காப்புப் படகு வந்து கண்ணை மறைக்கும். பின்பக்கத்தில்தான் பல்கனிகள் நல்ல அகலம்.

“ஆனா அம்மா, பின்னுக்கு இருந்தா வந்த பாதைதான் தெரியும். போற இடம் தெரியாது.”

“போற இடம் கப்டனுக்குத் தெரிஞ்சால் காணும்.”

அன்றிலிருந்து செல்வமலர் பாதி இங்கே, பாதி கப்பலில். காலை ரயிலில் கண்ணை மூடினால் பெட்டி மெல்ல ஆடும், ஜன்னலுக்கு வெளியே பேர்ச் மரங்கள் ஈர வெளிச்சத்தில் பின்னால் போகும், அவள் பல்கனியில் இருப்பாள். எந்தக் கதிரை அவருக்கு என்று யோசிப்பாள். அவருக்கு வலது காது நன்றாகக் கேட்கும், ஆகவே வலப்பக்கம் தனக்கு. தேத்தண்ணிக்கு ஒரு சின்ன மேசை. காற்றடித்தால் ஒரு போர்வை, இரண்டு பேருக்கும் ஒன்று போதும் என்று நினைத்து, ஆளில்லாத பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். ரொம்சோசில் இறங்க மறந்து அடுத்த நிலையத்தில் ஓடிப்போய் இறங்கியதும் உண்டு.

ஒரு ஞாயிறு இரத்தினவேலும் திரைக்கு முன்னால் வந்து குந்தினார். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்து, கப்பலின் வயிற்றுக்குள் இருந்த ஒரு சின்னச் சதுரத்தில் விரலை வைத்தார்.

“இது நல்லம்.”

“அப்பா, அதுக்கு ஜன்னலே இல்லை.”

“அதுதான் நல்லம் எண்டிறன்.”

செல்வமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இஞ்சாருங்கோ, அலுமாரிக்கை படுக்கிறதுக்கு ஏன் கப்பலிலை போவான்?”

“பல்கனி அவ்வளவு பெரிசா இருக்கு. அதிலை என்னத்தை வைக்கப் போறீர்?”

“ஒண்டும் வைக்கிறேல்லை. நாங்கள் இருக்கிறதுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஒருக்கா வடிவா நித்திரை கொள்ளோணும் மலர். வெளிச்சமே இல்லாத இடத்திலை.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கோடையில் சூரியன் இறங்கவே மனமில்லாமல் நிற்கிற நாட்டில், படுக்கையறை ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டி, கதவிடுக்கில் துவாய் செருகி, அதற்குள்ளே படுத்துப் புரள்கிற மனிசன். அவருக்கும் ஒரு கனவு இருந்திருக்கிறது. அது இருட்டாக இருந்தது.

அதன்பிறகு அவள் இரண்டு மனமாக அலைந்தாள். ஜன்னலில்லாத அறையை எடுத்தால் அவர் உறங்குவார், அவள் மேல்தட்டில் தனியாக நடப்பாள். பல்கனி அறையை எடுத்தால் அவர் திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே படுப்பார், அவள் வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் இருப்பாள். கேட்டபோது அவர், “உம்மடை பிறந்தநாள், உம்மடை விருப்பம்” என்றார். அந்த விட்டுக்கொடுப்பு அவளைச் சண்டையைவிட நோகச் செய்தது. கடைசியில் பிடிவாதமாகப் பல்கனி அறையையே போடச் சொன்னாள். வாழ்நாளில் ஒருதரம் சுயநலமாக இருந்து பார்ப்போம் என்று மகளிடமே சொன்னாள்.

யூன் மாதம் கப்பல் ஒஸ்லோவை விட்டது. பல்கனி படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. முதல்நாள் அவள் பயந்தபடியே நடந்தது. அவர் திரையை மூடிக் கட்டிலில் புரண்டார். அவள் தீவுகள் ஒவ்வொன்றாக விலகிப் போவதைத் தனியாகப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததே அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்தநாள் பின்னேரம் நிலத்துக்குள் கடல் புகுந்த ஒரு நீண்ட ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்தபோது, நித்திரை வராமல் தோற்றுப்போன முகத்தோடு அவர் வெளியே வந்து இடப்பக்கக் கதிரையில் இருந்தார். செல்வமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் மலைகள் எழும்பின. எங்கோ உயரத்திலிருந்து அருவி ஒன்று சத்தமில்லாமல் விழுந்தது. தண்ணீர் பச்சையாக, அசையாமல், கப்பல் போன கோட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

“அங்கை பாருங்கோ, மலை உச்சியிலை ஒரேயொரு வீடு. பாதையும் இல்லை. அவையள் பால் வாங்க எங்கை போவினம்?”

திரும்பினாள். இரத்தினவேல் கதிரையிலேயே உறங்கிப்போயிருந்தார்.

முதலில் வந்தது கோபம். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பெரிய பல்கனியில், இவ்வளவு வடிவான இடத்தில். தட்டி எழுப்பக் கையை நீட்டிவிட்டாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். வெயில் நேராக அதில் விழுந்துகொண்டிருந்தது, அவர் அசையவில்லை. வாய் சற்றுத் திறந்திருந்தது. ஒரு பக்கப் புருவம் மட்டும் நரைத்திருந்தது. விரல்கள் இடைக்கிடை மாவைப் பிசைவதுபோல மெல்ல அசைந்து பிறகு அடங்கின. குறட்டை விடுகிற மனிசன் என்பதும் இன்றுதான் தெரிந்தது. அவர் உறங்கிய பகல்களில் எல்லாம் அவள் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் பார்த்திருக்கலாம். அப்போது வெட்கம்.

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் திடுக்கிட்டு விழித்தபோது ஃபியோர்டு முடிந்து திறந்த கடல் வந்திருந்தது.

“நல்லா நித்திரையாப் போனன் போலை. எல்லாம் முடிஞ்சுபோட்டுதோ?”

“ஓம், முடிஞ்சுது.”

“என்ன மலையள் பாத்தனீர்? சொல்லும்.”

“மலை ஒண்டும் பாக்கேல்லை.”

“அப்ப இவ்வளவு நேரமும் இதிலை இருந்து என்ன செய்தனீர்?”

ஐம்பது வயதில் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“உங்களைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”