ஏழு பல் பினியன்

இலஞ்சி ஆவுடையப்பனின் லாரியை அந்நாளில் பாவூர்சத்திரம் சந்தையில் அறியாதவர் இல்லை. ராணுவம் கழித்துப் போட்ட வண்டி அது. ஏலத்தில் எடுத்து, மரப்பெட்டி கட்டி, பச்சை வண்ணம் அடித்திருந்தார். அதற்குப் புதிய உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய லாரிகளை உடைத்து விற்கும் இடங்களில்தான் தேடிப் பொறுக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட்டுக்காக நாகர்கோவில் போய், அங்கே கிடைக்காமல் மறுநாள் புனலூருக்குப் பஸ் ஏறிய மனிதர் அவர். "என் சக்களத்திக்கு என்ன கொண்டாந்திய?" என்று மனைவி உலகம்மாள் கேலி செய்வாள்.

அந்த வண்டியில் ஒன்பது வருஷம் கிளீனராக இருந்தவன் வல்லிநாயகம். பிறகு தென்காசியில் குற்றாலம் ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தான். திறந்த அன்று உள்ளே நின்ற முதல் வண்டி ஆவுடையப்பனுடையது. அவன் கையைத் தவிர வேறு கை அந்த லாரியில் பட அவர் விட்டதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம். ஓணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஓணத்துக்கான காய்கறி லோடு தவறாமல் வந்து சேர்ந்தால் வருஷம் முழுக்க லோடு உமக்குத்தான் என்று மலைக்கு அந்தப்புறம், கேரளத்துப் புனலூர் வியாபாரி சொல்லியிருந்தார். மலை ஏறுவதற்கு முன் பின் அச்சை ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்று வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டார் ஆவுடையப்பன்.

அச்சைத் திறக்கும்போது வண்டிக்காரர் கூடவே நிற்பதுதான் வழக்கம். வல்லிநாயகம் அவரை நிற்க விடவில்லை.

"இங்கன நின்னு எதுக்கு எண்ணெயில குளிக்கீரு? ஐந்தருவியில நல்லா விழுதாம். போயி தலையக் காட்டிட்டு வாரும் அண்ணாச்சி."

தன்மேல்தான் அவனுக்கு எத்தனை அக்கறை! அருவியில் நின்றபோது அதை நினைத்து அவர் மனம் குளிர்ந்தது. திரும்பும்போது அவனுக்கென்று சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வந்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்ட வல்லிநாயகம், பல் உடைந்த பினியன் ஒன்றை அவர் கையில் வைத்தான். பின் அச்சுக்குள் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சின்னச் சக்கரம் அது. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஓரடி நகராது என்றான்.

பினியனைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நாகர்கோவில், தூத்துக்குடி, புனலூர் என்று ஆறு நாள் அலைந்தார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வைத்தியராக ஓடும் தகப்பனைப்போல எத்தனை கடை ஏறினார்! எங்கும் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் மதுரைக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு முன் அந்த ஜோடியை அவருக்கு விற்ற சேக் தாவூது, பினியனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலை ஏற இழுவை வேணும்னு ஆறு பல்லு கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. இது ஏழு. எண்ணிப் பாருங்கண்ணே."

எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஏழுதான். வல்லிநாயகம் கொடுத்த பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

அதே மாதிரி லாரி அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்றுதான் உண்டு. சந்தை மொத்த வியாபாரி பிச்சைமணியுடையது. சமவெளியில் ஓடும் வண்டி; அதற்கு ஏழு பல். அச்சு உடைந்து அதே ஒர்க்‌ஷாப் மூலையில் கிடந்தது. பஸ் தென்காசியில் நின்றதும் நேரே அங்கே போனார். மூலை காலியாக இருந்தது. பிச்சைமணியின் லாரி ஓண லோடோடு மலை ஏறியிருந்தது, ஆவுடையப்பனின் ஆறு பல் ஜோடியில்.

வல்லிநாயகம் மறுக்கவில்லை. பிச்சைமணிக்கு நாலு லாரி. இந்த வண்டி ஓணத்துக்கு ஓடாவிட்டால் நாலையும் வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார். ஓணம் கழிந்ததும் ஜோடியைக் கழற்றித் திரும்ப மாட்டியிருப்பேன் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அவரு பொறுக்க மாட்டாரு. ஒமக்குச் செஞ்சா நீரு பொறுத்துக்கிடுவீருன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"வேற எவன் செஞ்சிருந்தாலும் பொறுத்திருப்பேம்லே."

அவ்வளவுதான். அன்றைக்கே வண்டியை வேறொரு லாரியில் கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஓணம் போயிற்று. புனலூர் லோடு அந்த வருஷம் முழுக்கப் பிச்சைமணிக்குப் போயிற்று. கழற்றிய ஜோடியை வல்லிநாயகம் துடைத்து, புதுச் சாக்கில் சுற்றி அனுப்பினான். ஆவுடையப்பன் தன் கையாலேயே அதை மாட்டினார். அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்கும் அந்த லாரியைத் தொட்டதில்லை. இரண்டு ஆள் தூக்க வேண்டிய கியர்பாக்ஸை மாமரத்தில் சங்கிலி கட்டி இறக்குவார். உலகம்மாள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "சக்களத்திக்கு நாந்தான் பேறுகாலமும் பாக்கணும்" என்பாள். அவர் சிரிக்க மாட்டார். கிடைத்த சில்லறை லோடுகளில் வருஷங்கள் ஓடின.

எண்பத்தைந்து ஐப்பசியில் ஒரு காலை. புளியரைக்கு மேலே, மலைப்பாதையில் லாரி நின்றுவிட்டது. கொட்டுகிற மழையில் அடியில் படுத்து, பின் அச்சைச் சுழற்றும் ஷாப்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, ஒரு ஆள் முடுக்க வேண்டிய வேலை. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. பக்கத்தில் செங்கோட்டை பஸ் வந்து நின்றது. இறங்கி வந்தவன் சட்டைக்கையை மடித்துவிட்டுச் சேற்றில் குத்தவைத்துக் கை நீட்டினான்.

"தாரும் அண்ணாச்சி, நான் பிடிக்கேன்."

வல்லிநாயகம். தலை பாதி நரைத்திருந்தது. ஆவுடையப்பன் ஸ்பானரைக் கொடுக்கவில்லை.

"பஸ்ஸு நிக்கி. போயி ஏறு."

நீட்டிய கை மழையில் சற்று நேரம் அப்படியே நின்றது. கண்டக்டர் விசில் அடித்தார். அவன் எழுந்து போய்விட்டான்.

தோளால் ஷாப்டைத் தாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் முடுக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவரின் தோளில் கன்றிப்போயிருந்த இடத்தில் எண்ணெய் தடவியபடி, ஒத்தாசைக்கு வழியில் யாருமே வரவில்லையா என்று உலகம்மாள் கேட்டாள்.

"ஒருத்தரும் வரல" என்றார் ஆவுடையப்பன்.